தவணை தவறும் ஆறு

காவிரி டெல்டாவில் வேளாண்மை என்பது மண்ணையும் நீரையும் போலவே ஒரு தேதியையும் மூலதனமாகக் கொண்ட தொழில். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தபின், பாசனத்துக்காக ஜூன் 12 அன்று அதன் மதகுகளைத் திறந்து மறு ஆண்டு ஜனவரி 28 அன்று மூடுவது என்னும் நடைமுறை நிலைபெற்றது. இடைப்பட்ட ஏழரை மாதங்களுக்குள் நாற்றங்கால் விடுதல், நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவை மட்டுமன்றி, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவது, விதை நெல் எடுப்பது, நடவு ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவது, குத்தகை பேசித் தீர்ப்பது என ஊரின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டே ஒழுங்கு பெற்றது. தலைமடையில் இருப்பவருக்கும் கடைமடையில் இருப்பவருக்கும், அதாவது வாய்க்காலின் முதல் மதகில் நீர் பெறுபவருக்கும் கடைசி மதகில் பெறுபவருக்கும், தண்ணீர் வந்து சேரும் நாளில் வேறுபாடு உண்டு என்றாலும், நாளை எண்ணத் தொடங்கும் புள்ளி இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. காலநிலை மாற்றம் இந்தப் பகுதியில் முதலில் கைவைத்திருப்பது இந்தப் பொதுத் தேதியின் மீதே என்பதும், மழையின் மொத்த அளவு கூடியதா குறைந்ததா என்ற வழக்கமான கேள்வி இந்தச் சேதத்தைக் காட்டித் தராது என்பதும் இவ்வுரையின் கருத்து.

வானிலை என்பது ஒரு நாளின் அல்லது ஒரு வாரத்தின் நடப்பு. காலநிலை என்பது ஓரிடத்தின் வெப்பமும் மழையும் காற்றும் சுமார் முப்பது ஆண்டுக் காலத்தில் காட்டும் பழக்கம். பழக்கம் மாறிவிட்டது என்பதைத் தனியொரு வெள்ளத்தையோ வறட்சியையோ சுட்டி நிறுவ இயலாது. நீண்டகாலப் பதிவுகளே அதற்குச் சாட்சி. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சுமார் 1 டிகிரி சூடேறியுள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை அதே காலத்தில் சுமார் 6 விழுக்காடு குறைந்துள்ளது. அந்தக் குறைவு கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறிப்பாகத் தெரிவதாக அம்மதிப்பீடு சொல்கிறது. டெல்டாவின் தலையெழுத்து எழுதப்படும் இடம் அந்த மலைதான் என்பதால், இம்மூன்றில் கடைசிச் செய்தியே தஞ்சைக்கும் திருவாரூருக்கும் மிக அருகில் நிற்பது.

குடகில் தலைக்காவிரியில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேரும் காவிரியின் நீரில் பெரும்பங்கு, டெல்டாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், குடகிலும் அதன் கிளையாறான கபினி பிறக்கும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையிலிருந்து வருகிறது. டெல்டா தன் சொந்த மழையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றிலிருந்து பெறுகிறது. மலையில் பெய்த மழை ஆற்றுவழியே வரும்போது ஒரு போகமும், தன் மழை தலைக்கு மேலே பெய்யும்போது மறு போகமும் என்று இரண்டையும் பின்னிய ஏற்பாடே இங்குள்ள பயிர்முறை. ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில், பிந்தினால் அக்டோபர் தொடக்கத்தில், அறுவடையாகும் ஏறத்தாழ 110 நாள் பயிர் குறுவை. ஆகஸ்டில் தொடங்கிப் பொங்கலையொட்டி அறுவடைக்கு வரும் நீண்டகாலப் பயிர் சம்பா. குறுவை அறுத்த வயலிலேயே அடுத்து நடப்படுவது தாளடி. சம்பாவும் தாளடியும் அறுவடையாவதற்குச் சில நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கப்பட்டு, எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். ஒவ்வொரு பயிரும் அடுத்ததற்கு இடம்விட்டு நகர வேண்டியிருப்பதால், முதல் நாள் மூன்று வாரம் தள்ளினால் கடைசியில் தெளிக்கும் உளுந்து வரை எல்லாமே தள்ளும். பிந்திய குறுவையின் அறுவடை வடகிழக்கு மழையின் வாயில் நேராக விழும். ஜூன் 12 வெறும் சடங்குத் தேதி போலத் தோன்றினாலும், அறுவடையிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுபவரும் ஏறத்தாழ அங்கேயே வந்து நிற்பார்.

120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட மேட்டூர் அணையின் அண்மைக்காலப் பதிவேடு இந்த ஒழுங்குக்கு எதிரான ஆவணமாகவே இருக்கிறது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அணை ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. 2020இலும் 2021இலும் தேதி மீண்டது. 2022இல் நீர் மிகுந்து மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2023இல் உரிய நாளில் திறந்தும், தென்மேற்குப் பருவமழை பொய்த்ததால் அக்டோபர் 10 அன்றே மூட வேண்டியதாயிற்று. 2024இல் ஜூலை 28 வரை திறக்க இயலவில்லை. இத்தனைக்கும் காரணம் வானம் மட்டுமே என்று கூறுவது அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் பொருந்தாது. மேலணைகளில் தேங்கும் நீர், கர்நாடகத்தின் பாசன விரிவு, பெங்களூரின் குடிநீர்த் தேவை, காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பும் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தி வழங்கிய தீர்ப்பும் நடைமுறையில் சந்திக்கும் இழுபறி ஆகிய அனைத்தும் இதில் உள்ளன. ஆனால் நல்ல மழை பெய்யும் ஆண்டில் இந்தச் சிக்கல்கள் எதுவும் செய்தியாவதில்லை என்பதையும், பற்றாக்குறை ஆண்டில் நீரை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இரு மாநிலங்களும் மனமொப்பி ஏற்ற சூத்திரம் இன்றுவரை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மழையின் நிலையின்மை பழைய வழக்கு ஒன்றைக் கூர்தீட்டுகிறது என்று சொல்வதே சரியாக இருக்கும்.

2024ஆம் ஆண்டின் நிகழ்வுகள் தனியே கவனிக்கத் தக்கவை. ஜூன் 12 அன்று அணையில் திறப்பதற்கு நீர் இல்லை. ஜூலை 28 அன்று அணை திறக்கப்பட்டது. ஜூலை 30 அன்று அணை தன் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. அடுத்த சில நாட்களில் ஒரு லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட உபரிநீர் நொடிதோறும் கொள்ளிடத்தில் பாய்ந்தது. அதே ஜூலை 30 அதிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்தது. அதற்குக் காரணமான ஒருநாள் மழையைப் புவி வெப்பமடைதல் சுமார் 10 விழுக்காடு வலுவாக்கியது என்று உலகளாவிய ஆய்வாளர் குழு ஒன்று மதிப்பிட்டது. சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல் விதி. அதன் விளைவாக, மழை நாட்கள் குறைந்தாலும் பெய்யும் நாளில் கொட்டித் தீர்ப்பது என்ற போக்கு வலுக்கிறது. நிறையவே நீர் வந்த ஆண்டு என்று புள்ளிவிவரம் 2024ஐப் பதிவு செய்யும்; குறுவை இழந்த ஆண்டு என்று உழவர் அதை நினைவில் வைத்திருப்பார். இரண்டும் உண்மை.

கொட்டித் தீர்க்கும் நீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் திறன் டெல்டாவின் வாய்க்கால்களுக்கு இல்லை என்பது பொதுவாகக் கவனிக்கப்படாத செய்தி. முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பிரிகிறது; கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை பிரிகின்றன. பாசனத்துக்குரிய இம்மூன்றும் சேர்ந்து ஏற்கக்கூடியது நொடிக்குச் சில பத்தாயிரம் கன அடிதான். அதற்கு மேற்பட்டதெல்லாம் வெள்ள வடிகாலான கொள்ளிடத்துக்கே போக வேண்டும். 2018 ஆகஸ்டு 22 அன்று, ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, கடைமடை வாய்க்கால்கள் பலவற்றில் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. ஆற்றில் இரு கரை தொட வெள்ளமும் வயலில் வெடிப்பும் ஒரே வாரத்தில் நிலவ முடியும் என்பதை ஆறு அறியாதவர்கள் நம்புவது கடினம்.

நெற்பயிரைப் பொறுத்தவரை வெப்பத்தின் தாக்குதல் பகலைவிட இரவில் நுட்பமானது. பயிர் பகலில் ஒளியைக் கொண்டு மாவுப்பொருள் ஆக்குகிறது. இரவில் சுவாசத்தின் வழியே அதில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. இரவு சூடானால் செலவு கூடும், வரவு கூடாது. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ் நகரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வொன்று, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. பகல் வெப்பம் பூக்கும் வேளையில் தீங்கு செய்கிறது: நெற்பூ முற்பகலில் ஓரிரு மணி நேரமே விரிந்திருக்கும், அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து, மணி பால் பிடிக்காமல் பதராகிவிடும். தேதி இங்கும் நுழைகிறது. குறுவை எந்த வாரத்தில் பூக்கிறது என்பதை முடிவு செய்வது அது எந்த வாரத்தில் நடப்பட்டது என்பதே அல்லவா?

ஆனால் டெல்டா உழவர் அஞ்சுவது பூக்கும் நாளைக் காட்டிலும் அறுக்கும் நாளையே. குறுகிய கால நெல் வகைகள் பலவற்றுக்கு விதை உறக்கம், அதாவது முற்றிய மணி உடனே முளைக்காமல் சில வாரம் அடங்கியிருக்கும் தன்மை, மிகக் குறைவு. கதிர் சாய்ந்து இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தால் மணி கதிரிலேயே முளைவிடும். தப்பித்து அறுத்த நெல்லும் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுத்துக்கொள்ளப்படாது. மழைக்காலத்தில் சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து நெல்லைக் காயவைப்பதும், வானம் மூடியதும் குவிப்பதும், திறந்ததும் பரப்புவதும், ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி மாநிலம் மத்திய அரசுக்கு எழுதுவதும், மாதிரி எடுக்க மத்தியக் குழு வருவதற்குள் நெல் நிறம் மாறிவிடுவதும் ஏறத்தாழ ஆண்டுச் சடங்காகிவிட்டன. 2021 ஜனவரியில், வழக்கமாகப் பனி மட்டுமே பெய்யும் மாதத்தில், தமிழகம் முழுவதும் கனமழை பெய்து அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அதே துயரம் திரும்பியது. இதில் நிறுவனங்களின் தேதியும் ஒரு தரப்பு. தேசிய அளவில் நெல் கொள்முதல் ஆண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வட இந்திய அறுவடைக்குப் பொருந்தும் அந்தத் தேதி குறுவைக்கு எப்போதுமே இடைஞ்சல். மே மாதத்தில் அணை திறந்த 2022இல்தான் தமிழகத்துக்கு மட்டும் அது செப்டம்பர் 1 என முன்னகர்த்தப்பட்டது. பயிருக்குத் தேதி மாறிய பிறகு அலுவலகத்துக்குத் தேதி மாற எத்தனை ஆண்டு பிடிக்கிறது என்பதை அளக்க இது ஒரு நல்ல அளவுகோல்.

ஆறு வராத நாட்களில் டெல்டா நிலத்தடி நீரை நாடுகிறது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் கொள்ளலாம் என்று கருதி, அதையும் ஒரு காரணமாகக் கொண்டு, கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வழங்க வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அந்த நிலத்தடி நீரை நிரப்புவதே ஆறும் வாய்க்காலும் வயலில் நிற்கும் தண்ணீரும்தான் என்பதால், ஆறு குறையும்போது அதுவும் குறையும். ஒரே நீரை இரண்டு பெயரில் எண்ணும் சிக்கல் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. கடலோரத்தில் நிலைமை இதனினும் நுண்மையானது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே மணலடுக்கில் அது உப்புநீரின் மீது ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழத்துக்கு அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. அதைத் தலைகீழாகப் படித்தால், மேலே ஒரு மீட்டர் உறிஞ்சுவது அடியிலிருந்து நாற்பது மீட்டர் உப்பை ஏற அழைப்பதாகும்.

கடலும் தன் பங்குக்கு உயர்கிறது. முன்பு சொன்ன மதிப்பீட்டின்படி, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்துள்ளது. அதற்கு முந்தைய நூறாண்டுக் கால வீதத்தைப் போல இது ஏறத்தாழ இரு மடங்கு அல்லது அதற்கும் மேல். மில்லிமீட்டர் சிறியதுதான். ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளின் தாழ்ந்த, சரிவே இல்லாத நிலத்தில், வடிகால் ஆறுகள் கடலில் இறங்குவதற்கு இருக்கும் உயர வேறுபாடே மிகச் சிறியது. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு போன்ற வெண்ணாற்றுக் கிளைகள் பாசனத்துக்கும் வடிகாலுக்கும் ஒருசேரப் பயன்படுபவை. கடல் சற்றே ஏறினாலும் மழைநீர் வடிவது நாள்கணக்கில் தாமதமாகும், சம்பா நீரில் மூழ்கிக் கிடக்கும் நாட்கள் கூடும். கோடையில் இதே வழிகளில் கடல்நீர் உள்ளே ஏறி வரும். நெல் உப்பைப் பெரிதும் தாங்காத பயிர். மண்ணின் உப்பை மின்கடத்துதிறனைக் கொண்டு அளக்கும் டெசிசீமன்ஸ் அலகில், மீட்டருக்கு 3 என்ற அளவைத் தாண்டியதும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு விளைச்சல் குறையும் என்பது பாசனவியல் நூல்களின் கணக்கு.

இவ்விடத்தில், வெள்ளக் காலம்தோறும் எழும் ஒரு புலம்பலைப் பற்றி ஒரு சொல். காவிரி நீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்பது அது. ஆற்றுநீர் முகத்துவாரத்தில் கடலை எதிர்த்து நிற்பதால்தான் உப்பு உள்ளே ஏறாமல் இருக்கிறது. ஆறு சுமந்து வரும் வண்டலால்தான் தானே அமுங்கித் தாழும் இயல்புடைய டெல்டா தன் உயரத்தைக் காத்துக்கொள்கிறது. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு உயிர் வாழ்வதும் அந்தக் கலப்பினால்தான். வண்டலின் பெரும்பகுதி இன்று கிருஷ்ணராஜ சாகர் அணையிலும் மேட்டூரிலும் படிந்துவிடுகிறது; தப்பி வரும் மணலைக் கொள்ளிடத்தில் லாரிகள் அள்ளிச் செல்கின்றன. கடல் ஏறுகிறது என்பது ஒருபுறம் இருக்க, நிலம் இறங்குவதற்கான ஏற்பாடுகளையும் மனிதர் செய்து வைத்திருப்பதால், டெல்டாவில் கடலின் உயர்வு என்பது அந்த இரண்டின் கூட்டுத்தொகையாகவே கணக்கிடப்பட வேண்டும்.

உப்பேறிய நிலம் உழவரைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதில்லை. அதற்கு வேறு வாங்குவோர் வருகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் நாகை கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் பண்ணைகளாக மாறியபோது, காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அமைந்த இறால் குளங்களை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பதிவு முறையின் கீழ் அத்தொழிலுக்கு மீண்டும் இடமளித்தது. ஒரு குளத்தின் உவர்நீர் பக்கத்து வயலில் கசிய, அந்த வயல்காரரும் நெல்லை விட்டுக் குளம் வெட்ட, நிலப்பயன்பாடு வரிசையாகச் சரிந்துகொண்டு போகும் முறை இதன் உள்ளியக்கம். நெல்லுக்குத் திரும்ப நினைப்பவருக்கு உப்பைக் கழுவ ஆற்றுநீர் வேண்டும், அதுவோ தவணை தவறுகிறது. தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் நெல்லின் நிச்சயமின்மைக்கு மாற்றாகப் பரவியிருந்த தென்னையை, 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் லட்சக்கணக்கில் சாய்த்தது. நெல் அழிந்தால் இழப்பு ஒரு போகம். நெட்டைத் தென்னை அழிந்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டு, முழு விளைச்சலுக்கு இன்னும் கூடுதல். தென்னையோடு கயிறு, மட்டை, கொப்பரைத் தொழில்களும் சரிந்தன.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய், எரிவாயுத் தேடல், தோல் பதனிடுதல், உலோக உருக்காலைகள், கப்பல் உடைத்தல் முதலிய புதிய தொழில்களை டெல்டாவில் தடை செய்தது. ஏற்கெனவே இயங்குபவற்றை அது தொடவில்லை. வீட்டுமனைப் பிரிவும் அதன் தடைப் பட்டியலில் இல்லை. தொழில் என்றால் புகைபோக்கி என்று எண்ணிய சட்டம் அது. அது செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் டெல்டாவின் நீரைத் தீர்மானிக்கும் தொழில்கள் பெரும்பாலும் டெல்டாவுக்கு வெளியே, ஆற்றின் மேற்பகுதியில் உள்ளன. மேட்டூர் அனல் மின் நிலையம் தன் குளிர்விப்புக்கு அதே நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கிறது. நிலக்கரியை எரித்துக் காற்றைச் சூடாக்குவதும், சூடான காற்றால் நிலையற்றுப் போன நீரை நம்பியிருப்பதும் ஒரே ஆலை. காவிரியின் கிளையான நொய்யலில், திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்காகக் கட்டிய அணையே உழவர் அஞ்சும் குளமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபின், கழிவுநீர் சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு நடைமுறையில் கட்டாயமாயிற்று. மழை நாட்கள் குறைந்து ஆற்றின் அடிப்படை ஓட்டம் மெலியும்போது, அதே அளவு கழிவும் கூடுதல் செறிவுடன் கீழே வரும் என்பதால், தூய்மைக்கான விதிகளும் பழைய ஆற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாகிவிடுகின்றன. வேதாரண்யம் உப்பளங்களுக்கு நேரெதிர்ச் சிக்கல்: பொங்கலுக்குப் பின் பாத்திகளைச் சீர்செய்து உப்பு வாரத் தொடங்கும் அத்தொழிலுக்குப் பருவம் தப்பிய ஜனவரி மழை ஒன்றே முதல் மாதங்களைக் கரைத்துவிடப் போதும். நெல்லையும் உப்பையும் ஒரே மழை அழிப்பது பழைய நாட்காட்டியில் இல்லாத நிகழ்ச்சி.

நெல் வயல் இந்த மாற்றத்தின் பலியாள் மட்டுமல்ல, சிறு அளவில் அதன் காரணகர்த்தாவும்கூட. தண்ணீர் கட்டி நிற்கும் வயலின் சேற்றில் காற்றோட்டம் இராது. அங்கு வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் பொருளிலிருந்து மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வயலைக் காயவிட்டு, மண்ணுக்குள் நீர் ஓரளவு இறங்கியபின் மீண்டும் பாய்ச்சும் முறை இதற்கு மருந்து. அம்முறைக்குத் தமிழில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற அழகிய பெயர் உண்டு. மீத்தேனைப் பாதியளவு வரை குறைத்து, தண்ணீரையும் மிச்சப்படுத்தும் அம்முறையை டெல்டா உழவர் தயங்கியே ஏற்பதற்கு அறியாமை காரணமல்ல. அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தவரால்தான் இன்று வயலைக் காயவிட முடியும். அது தெரியாதவர் வரும்போதே கட்டி வைத்துக்கொள்வார்; அது முற்றிலும் நியாயமான கணக்கு.

ஏற்பாடுகள் நடக்காமல் இல்லை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த குறுகிய கால வகைகள் குறுவையை ஓரளவு காத்து வந்துள்ளன. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கும் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப் 1 சம்பாவுக்கு வந்துள்ளது. உவர் நிலத்துக்கு திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். வகைகளும், கடலோர மக்கள் தலைமுறைகளாகப் பேணிய குழியடிச்சான், களர்ப்பாலை ஆகிய மரபு நெல்களும் உள்ளன. நடவுக்கு நீர் காத்திராமல் கோடை உழவின் புழுதியிலேயே விதைக்கும் முறையும் பரவுகிறது. வெண்ணாற்று உபவடிநிலத்தின் ஆறுகளையும் வடிகால்களையும் காலநிலைக்கு ஏற்பச் சீரமைக்கும் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்தது. விதையும் கரையும் மதகும் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள், கடன் வழங்கும் நாள், அணை மூடும் நாள் ஆகியவை பழைய காவிரிக்கு உரியவையாகவே நிற்கின்றன; ஒவ்வொரு நெருக்கடியிலும் அவற்றைச் சில நாள் நீட்டித்து ஓர் அரசாணை வரும், மறு ஆண்டு பழைய தேதியே திரும்பும்.

இதற்கிடையில் ஊருக்குள் வேறொரு பிரிவினை நிகழ்ந்துள்ளது. ஆறு வறண்டிருந்த 2024 ஜூனிலும், இலவச மின்சாரத்தில் ஓடும் ஆழ்துளைக் கிணறு உள்ள பகுதிகளில் குறுவை நடவு நடந்தது. நிலத்தடியில் உவர்நீரே உள்ள கடைமடையிலும், கிணறு போட வசதியற்ற குத்தகைதாரர் நிலங்களிலும் வயல் தரிசாகக் கிடந்தது. ஜூன் 12 என்ற தேதி பம்புசெட் வைத்திருப்பவருக்கு இன்னும் செல்லும். மற்றவருக்கு அணை திறக்கும் நாளே ஆண்டின் முதல் நாள். அதன் விளைவு செப்டம்பரில் தெரிகிறது: குறுவை முற்றியவர் அறுவடை இயந்திரம் இறங்குவதற்காக வயல் நீரை வடிக்க, வாய்க்காலில் தண்ணீர் வேண்டாம் என்கிறார், அதே வாய்க்காலின் கடைசியில், அப்போதுதான் சம்பா நாற்றுப் பறித்திருப்பவர், முறை தப்பாமல் தண்ணீர் விடச் சொல்லிப் நீர்வளத் துறை அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு நிற்கிறார்.